துரைசானியோடு ஆடிய தாத்தா

பெரியநாயகம் தாத்தாவின் நடனத்தைப் பற்றிக் கேள்விப்படாதவர்கள் ஏற்காட்டில் இரண்டே வகை. ஒன்று, கைக்குழந்தைகள். இன்னொன்று, அன்று காலை சேலம் பஸ்ஸில் வந்து இறங்கி, இன்னும் டீக்கடைக்குப் போகாதவர்கள்.

வெள்ளைக்காரர்கள் காலத்தில் காப்பித் தோட்டத்துத் துரைமார்களுக்கு மலையில் ஒரு கிளப் இருந்தது. தாத்தா அங்கே பட்லராக வேலை பார்த்தார். சனிக்கிழமைதோறும் துரைகளும் அவர்கள் மனைவிகளான துரைசானிகளும் கிளப்பின் கூடத்தில் ஜோடி ஜோடியாக ஆடுவார்கள். ஒரு கிறிஸ்துமஸ் அன்று ஒரு துரைசானிக்கு ஜோடி கிடைக்கவில்லையாம். "பெரியநாயகம், நீ வா" என்றாளாம். தாத்தா போனாராம், ஆடினாராம். பார்த்த துரைகள் எல்லாரும் வாயைப் பிளந்தார்களாம்.

இந்தக் கதை வருடாவருடம் வளர்ந்தது. முதலில் ஒரே ஒரு துரைசானி. தாத்தாவின் பேத்தி அமலி பிறந்த சமயத்தில் அது நான்காகியிருந்தது. அமலி ஐந்தாம் வகுப்புக்கு வந்தபோது கலெக்டரின் மைத்துனியும் சேர்ந்துகொண்டாள். இல்லை என்று சொல்லவும் ஆளில்லை. துரைகள் எப்போதோ கப்பலேறிவிட்டார்கள்.

நம்பாதவர் ஒருவர்தான். ஸ்தனிஸ்லாஸ் தாத்தா. எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அடுத்தவர் மூட்டையில் எத்தனை கிலோ காப்பிக் கொட்டை என்று எடை போட்டே பழகியதால், அடுத்தவர் பேச்சையும் எடை போடுவார்.

எழுபத்தெட்டாம் வருடம் மே மாதம். கோடை விழாவில் தாத்தா அல்லது பாட்டி, பேரன் அல்லது பேத்தியோடு சேர்ந்து ஆடும் போட்டி உண்டு என்று ஜீப்பில் மைக் வைத்துச் சொல்லிக்கொண்டு போனார்கள். மறுநாள் டீக்கடையில் ஸ்தனிஸ்லாஸ் தாத்தா ரொம்ப அன்பாகப் பேசினார்.

"ஏனுங்க பெரியநாயகம், உங்க பேரையும் அமலி பேரையும் குடுத்துட்டு வந்துட்டனுங்க. நானும் என்ற பேரனும்கூட ஆடறோம். இத்தனை வருசமா காதால கேட்டதை ஒருவாட்டி கண்ணால பாத்துக்கறமுங்க."

கடையே கைதட்டியது. தாத்தா சிரித்தார். டீயை மட்டும் பாதியிலேயே வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தார்.

அமலிக்கு ஒரே கொண்டாட்டம். பள்ளி விடுமுறை வேறு. "எப்பங்க தாத்தா பழகறது?" என்று கேட்டபடியே இருந்தாள்.

முதல் நாள் தாத்தாவுக்கு முழங்கால் வலி. மறுநாள் மேகமூட்டமாக இருந்தது. மேகமூட்டத்தில் துரைமார் ஆட மாட்டார்களாம். அதற்கடுத்த நாள் செருப்பு தைக்கப் போயிருந்தது. முழங்கால் வலிக்கிற மனிதர், பலாப்பழ வண்டிக்காரன் குரல் கேட்டதும் மேட்டுப் பாதையில் ஓடிப்போய் அவனை நிறுத்தியதை அமலி பார்த்தாள்.

தினமும் காலையில் தாத்தா அவள் நெற்றியைத் தொட்டுப் பார்க்கவும் ஆரம்பித்தார்.

"சூடா இருக்குதா கண்ணு?"

"இல்லீங்க தாத்தா."

"தொண்டை கிண்டை?"

"நல்லாத்தானுங்க இருக்குது."

தாத்தா பெருமூச்சு விடுவார். பேத்தி நோயில்லாமல் இருப்பதற்கு இவ்வளவு வருத்தப்பட்ட தாத்தா அந்த மலையில் வேறு யாரும் இருந்திருக்க முடியாது.

விழாவுக்குச் சில நாட்களே இருந்தன. அன்று மத்தியானம் அமலியின் அம்மா ஞானசுந்தரி பின்பக்கம் துணி துவைத்துக்கொண்டிருந்தார். அமலி தாத்தாவின் முன்னால் போய் நேராக நின்றாள்.

"ஆட வேண்டாமுங்க. எப்படி நிக்கணும்னாவது காட்டுங்க. நான்தான் துரைசானின்னு வெச்சுக்கங்க."

தப்பிக்க வழியில்லை. தாத்தா எழுந்தார். முதுகை நிமிர்த்தினார். இடது கையை முதுகுக்குப் பின்னால் மடித்தார். வலது கையைத் தோள் உயரத்துக்குத் தூக்கி, உள்ளங்கையை வானம் பார்க்க விரித்தார்.

அமலி அந்தக் கையைச் சுற்றி வந்து பார்த்தாள். அப்படிப் பிடிப்பதென்றால் துரைசானி அந்த உள்ளங்கையில் ஏறி உட்கார்ந்தால்தான் உண்டு.

"தாத்தா, இது டம்ளர் தட்டுப் பிடிக்கிற கைங்க."

தாத்தா தன் கையையே பார்த்தார். பிறகு மெதுவாக இறக்கிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தார்.

"ஒருத்தியும் என்னைக் கூப்பிடல கண்ணு," என்றார் கடைசியில். "அவங்க ஆடுவாங்க. நான் அவங்களுக்கு நடுவுல தட்டை எடுத்துட்டுப் போவேன், வருவேன். அவ்வளவுதான். என்னமோ ஒருநா டீக்கடையில வாய்க்கு வந்துருச்சு. அப்புறம் நிறுத்த முடியல." துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "ஊரே சிரிக்கப் போகுது. உனக்கும் கேவலம்."

அமலிக்குச் சிரிப்பு வரவில்லை. தாத்தாவின் காதுகள் சிவந்திருந்தன. வகுப்பில் விடை தெரியாமல் எழுந்து நிற்கும்போது அவளுக்கும் அப்படித்தான் சிவக்கும்.

அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள். கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டாள்.

"ஆடறவங்க உங்க மேல இடிக்க மாட்டாங்களா?"

"இடிக்காம? கண்ணை மூடிட்டுச் சுத்துவாங்க. நாமதான் ஒதுங்கோணும்."

"அப்ப டம்ளர்?"

"சிந்துனா சம்பளத்துல புடிச்சுருவாங்க சாமி. எப்படிச் சிந்தும்?"

அமலி சமையலறைக்கு ஓடினாள். வீட்டிலேயே பெரிய எவர்சில்வர் தாம்பாளத்தை எடுத்து, டம்ளர்களில் விளிம்புவரை தண்ணீர் ஊற்றிக் கொண்டுவந்தாள். பிறகு நடுக்கூடத்தில் நின்று கைகளை விரித்துப் பம்பரமாய்ச் சுற்ற ஆரம்பித்தாள்.

தாத்தா தாம்பாளத்தைத் தூக்கினார்.

அவ்வளவுதான், அந்த உடம்பு மாறிவிட்டது. அமலியின் கை வந்த பக்கம் தாத்தா இல்லை. குனிந்தார், பக்கவாட்டில் நழுவினார், ஒரே குதிகாலில் அரைவட்டம் திரும்பினார். தாம்பாளம் மட்டும் தனியாக ஆற்றில் மிதப்பதுபோல் போனது. அந்த நேரம் பார்த்து ஞானசுந்தரி ஈரத்துணி வாளியோடு உள்ளே நுழைந்தார். தாத்தா அவரையும் ஒரு சுற்றுச் சுற்றி, வாளியைத் தாண்டி, சுவரோரமாகப் போய் நின்றார். தரையில் ஒரு சொட்டு இல்லை.

"இதென்ன, ஊட்டுக்குள்ள சர்க்கஸா?" என்றார் ஞானசுந்தரி.

"இல்லீங்கம்மா," என்றாள் அமலி. "இதுதான் எங்க டான்ஸ்."

அதற்குப் பிறகு தாத்தாவுக்கு முழங்கால் வலிக்கவே இல்லை. மேகமூட்டத்திலும் பழகினார்கள். ரேடியோவில் என்ன பாட்டு வந்தாலும் அமலி ஒருத்தியே கிளப் நிறைந்த கூட்டமாக மாறிச் சுழன்றாள். தண்ணீர் வேண்டாம் என்று சொன்னவளும் அவள்தான். தண்ணீர் சிந்தினால் தூரத்தில் இருப்பவர்களுக்குத் தெரியாது. நன்னாரி சர்பத் என்றால் தெரியும். தாத்தாவின் வெள்ளைச் சட்டை காட்டிக்கொடுத்துவிடும். அந்தச் சட்டையைத் துவைக்கப்போகும் ஞானசுந்தரிக்கு மட்டும் இந்த யோசனை பிடிக்கவில்லை.

ஒரு கவலை தாத்தாவுக்கு மிச்சமிருந்தது. "துரைசானி எங்கேன்னு அந்த ரைட்டர் கேப்பானே, கண்ணு?"

"கேட்டா நான் எதுவும் சொல்ல மாட்டேனுங்க தாத்தா. நீங்க பாத்துச் சொல்லுங்க."

விழா நாள் வந்தது. ஏரிக்கரையில் மேடை. விழாக் குழுத் தலைவர் பாக்கியநாதன், தனக்குத் தானே வாங்கிக்கொண்ட பொன்னாடையைத் தோளில் போட்டபடி பேச எழுந்தார். நடனக் கலையைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்வதாகத்தான் ஆரம்பித்தார். ஆதாமிலிருந்து தொடங்கினார். நோவாவின் பேழை வரும்போது ஏரியிலிருந்து மூடுபனி கிளம்பி மேடையை மூடியது. தலைவர் மறைந்துவிட்டார். குரல் மட்டும் வந்தது. இந்த வசதியைப் பயன்படுத்திக்கொண்டு கூட்டம் பஜ்ஜி சாப்பிடப் போய்விட்டது. பனி விலகியபோது தலைவர் எதிரே நாற்காலிகளும் ஒரு நாயும் இருந்தன. தலைவர் நாயைப் பார்த்து நன்றி கூறி முடித்தார். கூட்டம் அவசரமாகத் திரும்பி வந்தது.

மாரமங்கலத்து மூக்கன் தாத்தாவும் அவர் பேரனும் முதலில் ஆடினார்கள். சேர்வராயன் கோயில் திருவிழாவே மேடைக்கு வந்துவிட்டதுபோல இருந்தது, பலகைகள் அதிர்ந்தன. அடுத்து ஸ்தனிஸ்லாஸ் தாத்தா. கணக்குப் பார்ப்பதுபோல ஒவ்வொரு அடியையும் உதட்டுக்குள் எண்ணி எண்ணி வைத்தார். நடுவில் எண்ணிக்கை விட்டுப்போனது. பேரனை நிறுத்தி, முதலிலிருந்து எண்ணினார். பிறகு முன்வரிசையில் வந்து உட்கார்ந்து, கையைக் கட்டிக்கொண்டார்.

பெரியநாயகமும் அமலியும் மேடையேறினார்கள்.

தாத்தா தாம்பாளத்தோடு நின்றதைப் பார்த்து யாரோ, "எனக்கு ரெண்டு வடை" என்றார்கள். கூட்டம் சிரித்தது. மைக்செட்டுக்காரர் ரிக்கார்டு போட்டார். அமலிக்குத் திக்கென்றது. அவள் போடச் சொல்லியிருந்தது நிதானமான பாட்டு. வந்தது, ரயில் ஓடுகிற வேகத்தில் ஒரு பாட்டு.

அவள் தாத்தாவைப் பார்த்தாள்.

"கிறிஸ்துமஸ்னா அங்க இதைவிட வேகமா இருக்கும்," என்றார் தாத்தா, உதடு அசையாமல். "நீ சுத்து கண்ணு. நொம்ப நல்லாச் சுத்து."

அமலி சுற்றினாள். ஓடினாள், குதித்தாள், வேண்டுமென்றே அவர் மேல் பாய்ந்தாள். பாய்ந்த இடத்தில் தாத்தா இல்லை. தாம்பாளம் அவள் தலைக்கு மேலே போனது, முழங்கைக்குக் கீழே வந்தது, முதுகுப் பக்கம் கை மாறியது. சர்பத் விளிம்பில் தளும்பித் தளும்பி உள்ளேயே இறங்கியது. வடை கேட்டவர் வாயைத் திறந்தபடி நின்றார். சிரிப்பு எப்போது நின்றது, கைதட்டல் எப்போது தொடங்கியது என்று யாருக்கும் தெரியவில்லை.

பாட்டு முடிந்த நொடியில் தாத்தா நடுவர்களின் மேசை முன்னால் நின்று, இடுப்பை வளைத்துத் தாம்பாளத்தை நீட்டினார். ஆதாமிலிருந்து பேசித் தொண்டை வறண்டிருந்த பாக்கியநாதன் ஒரு டம்ளரை எடுத்து ஒரே மூச்சில் குடித்தார். தாத்தாவின் சட்டை வெள்ளையாகவே இருந்தது.

தலைவர் மைக்கைப் பிடித்து, இந்த அபூர்வக் கலையை எங்கே கற்றீர்கள் என்று கேட்டார்.

முன்வரிசையில் ஸ்தனிஸ்லாஸ் தாத்தா நிமிர்ந்து உட்கார்ந்தார். அமலி தாத்தாவின் முகத்தைப் பார்த்தாள். இப்போது துரைசானி கதையைச் சொன்னால் ஊரே நம்பிவிடும். கலெக்டரின் மைத்துனியைக்கூட நம்பும்.

தாத்தா மைக் அருகே குனிந்தார்.

"கிளப்புலதானுங்க. ஆனா ஆடிக் கத்துக்கலீங்க. துரைசானிங்க யாரும் என்னோட ஆடுனதே இல்லீங்க. அது நான் சும்மா சொன்னது. அவங்க ஆடறப்ப நடுவுல பூந்து தட்டை எடுத்துட்டுப் போவேன். அதுதானுங்க இது."

ஸ்தனிஸ்லாஸ் தாத்தா எழுந்தார். இந்த ஒரு நாளுக்காகப் பல வருடம் காத்திருந்தவர். அமலி தாத்தாவின் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏனுங்க பெரியநாயகம்," என்றார் அவர், "அந்தத் தட்டுல எனக்கு ஒரு டம்ளர் இருக்குதுங்களா?"

இருந்தது. குடித்தார். "இனிப்பு கொஞ்சம் கம்மி" என்று எடை போட்டுவிட்டு, மற்றவர்களைவிடச் சத்தமாகக் கைதட்டினார்.

முதல் பரிசு மூக்கன் தாத்தாவுக்கும் அவர் பேரனுக்கும் போனது. அதில் யாருக்கும் சந்தேகமில்லை. பெரியநாயகத்துக்கும் அமலிக்கும் இரண்டாம் பரிசு, ஒரு குடை. பாக்கியநாதன் நன்றியுரைக்காக மறுபடி எழுந்தார். மைக்செட்டுக்காரர் புத்திசாலி, உடனே ஒரு பாட்டைப் போட்டுவிட்டார். புல்வெளியில் இருந்த சிறுவர்கள் ஆட ஆரம்பித்தார்கள். பெரியவர்கள் சிலரும் இறங்கினார்கள்.

தாத்தா தாம்பாளத்தை நாற்காலியில் வைத்துவிட்டு, வெறுங்கையோடு நின்றார். அந்தக் கைகளை எங்கே வைப்பதென்று அவருக்குத் தெரியவில்லை.

அமலி இரண்டையும் பிடித்துக்கொண்டாள்.

"வாங்க தாத்தா."

தாத்தா ஆடினார். படுமோசமாக ஆடினார். தட்டில்லாமல் அவருக்கு வலதும் தெரியவில்லை, இடதும் தெரியவில்லை. மூன்றாவது அடியிலேயே அமலியின் காலைப் பலமாக மிதித்துவிட்டார்.

"வலிக்குதா கண்ணு?"

"இல்லவே இல்லீங்க தாத்தா," என்றாள் அமலி.

அன்று அந்தக் குடும்பத்தில் சொல்லப்பட்ட பொய் அது ஒன்றுதான்.