அக்காவுக்கும் கேட்கணும்

பெரியப்பா இறந்த அடுத்த வாரம், குடியிருப்பின் பொதுக்கூடத்தில் அவருக்காக ஒரு நினைவுக் கூட்டம் வைத்தார்கள். அவர் லிஃப்ட் பழுது பார்ப்பவர். அவர் தயவில் மாடிப்படி ஏறாமல் தப்பித்தவர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள்.

வர முடியாதவள் அவருடைய மகள் மட்டும்தான். அவள் வேறொரு ஊரில், மருத்துவமனையில் இருந்தாள். குழந்தை பிறக்கும்வரை படுக்கையை விட்டு எழவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அப்பாவின் முகத்தைக் கடைசியாகப் பார்க்கக்கூட அவளால் வர முடியவில்லை. அவளுக்காகத்தான் கூட்டத்தை இணையத்தில் நேரலையாகக் காட்ட ஏற்பாடு செய்திருந்தார்கள்.

சித்தப்பா லேப்டாப்பையும் கேமராவையும் பொருத்தி முடித்தார். வருகிறவர்களை வரவேற்க வேண்டியிருந்ததால் பொடிசை அழைத்து, அதைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி அங்கே உட்கார வைத்தார். பொடிசு, பெரியப்பாவின் இன்னொரு தம்பி மகள். ஐந்தாம் வகுப்பு படிக்கிறாள்.

திரையின் மூலையில் 'ஒருவர் பார்க்கிறார்' என்று இருந்தது. அந்த ஒருவர், பெரியப்பாவின் மகளான அக்கா.

பெரியப்பாவோடு வேலை செய்த மெக்கானிக் முதலில் பேசினார். ஒரு முறை லிஃப்டில் மாட்டிக்கொண்ட ஒருவர் பயத்தில் கத்தினாராம். பெரியப்பா வெளியே நின்று வேலை பார்த்தபடியே, மதியம் என்ன சாப்பிட்டீர்கள் என்று அவரிடம் பேச்சுக் கொடுத்தாராம். கதவு திறந்த பிறகும் அந்த மனிதர் சாப்பாட்டுக் கதையை நிறுத்தவில்லையாம். கூடத்தில் எல்லோரும் மெல்லச் சிரித்தார்கள்.

அப்போது திரை அப்படியே உறைந்தது. பிறகு நேரலை மென்பொருள் தானாக மூடிக்கொண்டது.

பொடிசு மறுபடி திறந்தாள். கொஞ்ச நேரம் ஓடியது. மறுபடி மூடிக்கொண்டது. லேப்டாப்பின் அடியில் கை வைத்துப் பார்த்தாள். சுட்டது. உள்ளே விசிறி இரைந்துகொண்டிருந்தது.

அவளுக்குப் புரிந்தது. பழைய லேப்டாப் அது. நேரலை, வீடியோ பதிவு, சுவரில் மாறி மாறி வரும் புகைப்படங்கள் என்று மூன்று வேலைகளை அதன் தலையில் கட்டியிருந்தார்கள்.

ஓடிப்போய்ச் சித்தப்பாவிடம் சொன்னாள். பதிவை நிறுத்த அவருக்கு மனம் வரவில்லை. பின்னால் எல்லோரும் பார்க்க வேண்டாமா என்றார்.

"பின்னால பார்க்க நாம எல்லாரும் இருக்கோம் சித்தப்பா. இப்ப பார்க்க அக்கா காத்துக்கிட்டிருக்காங்க."

சித்தப்பா அவளைப் பார்த்தார். "சரி, நிறுத்திடு" என்றார்.

பதிவையும் புகைப்படங்களையும் நிறுத்தினாள். மென்பொருள் மூடிக்கொள்ளாமல் ஓடியது. ஆனால் படம் துண்டு துண்டாக உடைந்தது. வந்தவர்களின் போன்கள் எல்லாம் கூடத்தின் வைஃபையில் இணைந்து அதன் வேகத்தைக் குறைத்திருந்தன. அவள் கையில் இருந்த அம்மாவின் போனில் அக்காவிடமிருந்து ஒரு செய்தி வந்தது.

'ஒண்ணுமே தெரியல. அம்மா பேசிட்டாங்களா?'

பொடிசு நிமிர்ந்து பார்த்தாள். பெரியம்மா எழுந்து மைக்கை நோக்கி நடந்துகொண்டிருந்தார்.

அத்தனை பெரியவர்கள் இருக்கும் இடத்தில் எழுந்து பேசலாமா? திட்டுவார்களோ? ஆனால் பெரியம்மா வாயைத் திறந்துவிட்டால் அந்தப் பேச்சு அக்காவுக்குக் கிடைக்காமலே போய்விடும்.

நேரே நடுவில் நடந்து போனாள்.

"பெரியம்மா, கொஞ்சம் இருங்க. அக்காவுக்குக் கேக்கல."

யாரும் திட்டவில்லை. பெரியம்மா தலையை ஆட்டிவிட்டுப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

பொடிசு திரும்பி ஓடினாள். லேப்டாப்பை வைஃபையிலிருந்து துண்டித்து, அம்மாவின் போன் இணையத்தோடு இணைத்தாள். படத்தின் தரத்தைக் குறைத்தாள். முகம் சற்று மங்கலானாலும் குரல் தெளிவாக இருந்தால் போதும். நேரலையைத் தொடங்கினாள்.

'ஒருவரும் பார்க்கவில்லை' என்று திரை சொன்னது. அவள் கண்ணை எடுக்கவில்லை.

'ஒருவர் பார்க்கிறார்.'

"வந்துட்டாங்க பெரியம்மா" என்றாள்.

பெரியம்மா மைக்கைப் பிடித்தார். "கேக்குதாம்மா?"

பதில் இல்லை. பெரியம்மாவின் முகம் வாடியது.

"போய்ச் சேரக் கொஞ்சம் நேரமாகும், பெரியம்மா" என்றாள் பொடிசு.

கூடம் முழுவதும் காத்திருந்தது. திரையின் அடியில் எழுத்துகள் தோன்றின. பொடிசு அதை எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்தாள்.

"கேக்குதும்மா. பேசுங்க."

பெரியம்மா கண்களைத் துடைத்துக்கொண்டார். நாற்காலியைத் தூக்கிவந்து கேமராவுக்கு எதிரே போட்டு உட்கார்ந்தார். பிறகு தன் மகளிடம் பேச ஆரம்பித்தார்.