மூன்றுக்கும் ஒரே சூழல்

விளக்கு மூச்சு விடுவதுபோலத்தான் முதலில் அவளுக்குத் தோன்றியது. மாலை மழைக்காகக் கண்ணாடி ஜன்னல்களைச் சாத்திவிட்டுத் திரும்பியபோது, குழந்தையின் அறையிலிருந்த சிறு விளக்கு மெல்ல ஒளி கூடி, மெல்ல மங்கி, சற்றே நின்று, மறுபடியும் ஒளி கூடியது. ஈரச் சுவரின் வாடையும் பால்பவுடரின் மணமும் கலந்திருந்த அந்த அறையில் தொட்டில் கம்பிகளின் நிழல்கள் தரையில் நீண்டு சுருங்கின.

காரணம் உடனே விளங்கிவிட்டது. வீட்டை இயக்கும் மென்பொருளை எழுதியவள் அவளே. விளக்குக்கு ஒன்று, வாசற்கதவின் பூட்டுக்கு ஒன்று, குழந்தையின் மார்புப் பட்டையிலிருந்து மூச்சைக் கணக்கெடுக்க ஒன்று என மூன்று சிறு நிரல்கள், ஒன்றின் தகவல் மற்றொன்றில் கலக்காதபடி தனித்தனிச் சூழல்களில் ஓடிக்கொண்டிருந்தன. பிறந்த வாரத்திலேயே இருமுறை மூச்சு நின்று பிழைத்த குழந்தை அது. அவை ஓடும் கருவியின் நினைவகத்தில் இடம் போதாததால், இன்று மதியம்தான் மூன்றையும் ஒரே சூழலுக்கு மாற்றியிருந்தாள். உடன் வேலை செய்பவர் தொலைபேசியில் சிரித்திருந்தார்.

"மூணு பேரையும் ஒரே ரூம்ல தங்க வெச்சிட்டீங்க. அப்புறம் யார் சட்டையை யார் போட்டாங்கன்னு எங்கிட்ட கேக்காதீங்க, மேடம்."

குழந்தையின் மூச்சை விளக்கு எடுத்து அணிந்துகொண்டிருக்கிறது, அவ்வளவுதான். கூடத்தில் பூட்டும் அதே தாளத்தில் திறந்து மூடிக்கொண்டிருந்தது. கண் கூசியதால் விளக்கை அணைத்தாள்.

பூட்டின் சத்தம் நின்றது.

இருட்டில் தொட்டிலின் மேல் குனிந்து காத்திருந்தாள். மூச்சு வரவில்லை.

சுவிட்சைப் போட்டாள். விளக்கு ஒளிர்ந்தது. சிறு மார்பு எழுந்தது.

தற்செயல் என்று தனக்கே சொல்லிக்கொண்டு, பட்டையைக் கழற்றிவிட்டுப் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டாள். விளக்கு தாளம் தவறவில்லை. மின்சாரம் ஒரு கணம் தடுமாறியது, விளக்கு தடுமாறியது, கழுத்தில் பட்டுக்கொண்டிருந்த வெதுவெதுப்பும் தடுமாறியது.

உடன் வேலை செய்பவரை மறுபடி தொலைபேசியில் அழைத்தாள். மூன்றையும் பழையபடி பிரிக்க வேண்டும் என்றாள்.

"பிரிச்சிடலாம் மேடம். ஆனா ஒருதடவை எல்லாத்தையும் நிறுத்தித்தான் ஆகணும்."

"எவ்வளவு நேரம்?"

"அஞ்சு நிமிஷம் கூட ஆகாது."

ஜன்னலுக்கு வெளியே, தெருக்கோடியில் மின்சாரம் போய் ஒரு வீடு இருண்டது. அடுத்து அதன் பக்கத்து வீடு. அதற்கும் அடுத்தது.

விளக்கு மெல்ல ஒளி கூடியது. கழுத்தில் மூச்சு பட்டது.

எதிர்வீடு இருண்டது.