துவைக்காத துணி ஒன்று

மழைக்கு ஒதுங்க வந்தவன் என்றுதான் முதலில் நினைத்தாள்.

சலவைக் கடையின் கண்ணாடிக் கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தவன் கால்மிதியைத் தாண்டாமல் நின்றான். தலை சொட்டிக்கொண்டிருந்தது. இமை மயிரில்கூட மழை தொங்கியது. சிமிட்டினால் விழுந்துவிடுமோ என்று பயந்ததுபோல அந்தக் கண்கள் அகலமாக விரிந்து அவளையே பார்த்தன... கையில் பை இல்லை, மூட்டை இல்லை. ஒரு டார்ச் லைட் மட்டும்.

துணி எடுக்க வந்திருந்தால் சீட்டைக் கொடுக்கச் சொன்னாள்.

“சீட்டு இல்லைங்க. நான் வந்தது... உங்க துணி ஒண்ணு வேணும்.”

“என் துணியா?”

“ஆமாங்க. நீங்க போட்டுக் கழட்டினது. துவைக்காம இருக்கணும்.”

கையிலிருந்த ஹேங்கர்கள் சரிந்து தரையில் கலகலத்தன. அவளுக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து ஊரே அழுக்கைக் கொண்டுவந்து கொட்டிவிட்டுப் போகிற கவுண்டர் அது. அழுக்கைக் கேட்டு ஒருவன் வந்து நிற்பது இதுவே முதல் தடவை. அதுவும் அவளுடைய அழுக்கை. பின்கட்டில் அப்பா இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். நீராவிச் சத்தத்தில் இடி விழுந்தாலும் அவருக்குக் கேட்காது. குனிந்து ஒரு கம்பி ஹேங்கரை எடுத்தாள். கொக்கி அவன் பக்கம் இருந்தது.

“வெளியில போறீங்களா, ஆளைக் கூப்பிடவா?”

பின்வாங்கியவனின் முதுகு கதவில் இடித்தது. டார்ச் தானாக எரிந்து அவன் மூக்கின் துவாரங்களுக்குள் வெளிச்சம் அடித்தது. அக்காதான் வரவேண்டியது, அக்காவுக்குக் கால் சுளுக்கு, அதனால்தான் தான் வந்தது என்று துண்டு துண்டாக ஏதோ சொன்னான். கடைசியில்தான் முக்கியமான வார்த்தை வந்தது.

“நாய்க்குட்டிங்க...”

ஹேங்கர் தானாகத் தாழ்ந்தது.

அந்த வார்த்தைக்காக அவள் சின்ன வயதிலிருந்து காத்திருந்தாள். வெள்ளைத் துணி புழங்குகிற வீட்டில் நாய் மயிர் ஆகாது என்பது அப்பாவின் தீர்ப்பு. மேல்முறையீடு கிடையாது. ஆனால் அண்ணன் குடும்பத்தோடு வேலை மாறிப் போன பிறகு, கடைக்கு மேலிருந்த வீடு திடீரென்று பெரிதாகிவிட்டது. அவளுக்கு வந்த கல்யாணப் பேச்சுகள் ஒன்றும் கூடிவராமல் ஓய்ந்து, இப்போது அந்தப் பேச்சே வருவதில்லை. போன மாதம் ஒருநாள் சுற்றி முடித்துக் கூவிய வாஷிங் மெஷினிடம் “இரு, வர்றேன்ல, அதுக்குள்ள என்ன அவசரம்” என்று அவள் சொன்னதை அப்பா கேட்டுவிட்டார். மறுநாள் காலை, நாய் வேண்டுமானால் வாங்கிக்கொள் என்றார். அண்ணன்தான் போனிலேயே விசாரித்து ஒரு செவலைக் குட்டிக்கு ஏற்பாடு செய்தான். குட்டியைக் கொடுக்கிறவர்கள் வீட்டைப் பார்க்க வருவார்கள் என்று சொன்னவன், துணி கேட்பார்கள் என்பதை விழுங்கிவிட்டான்.

வந்தவன் லிஃப்ட் மெக்கானிக். ஈரத்தோடு நின்றபடியே விளக்கினான். குட்டிக்குக் கண்ணைவிட மூக்குதான் பெரிது. புது வீட்டு ஆள் போட்டுத் தூங்கிய துணியைத் அக்கா வீட்டில் இருக்கிற தாய் நாயின் படுக்கையில் சில நாள் போட்டு வைத்தால், அந்த வாசனையும் தாய் வாசனையும் ஒன்றாகிவிடும். பிறகு இங்கே வரும்போது குட்டி அந்நிய வீட்டுக்கு வந்ததாக நினைக்காது. இதை அவன் அக்கா கேட்டிருந்தால் சாதாரணமாக இருந்திருக்கும். அவன் கேட்டதால் இரண்டு பேருமே தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“வீட்டைப் பாத்துடலாமா?” என்றான்.

அதில் அவளுக்குப் பெருமைதான். இந்தத் தெருவிலேயே சுத்தமான வீடு. நிமிர்ந்த தலையோடு மாடிக்கு அழைத்துப் போனாள். உள்ளே வந்ததும் அவன் செய்த முதல் காரியத்தில் மறுபடி அதிர்ந்தாள். முட்டி போட்டு, கைகளை ஊன்றி, நாலு காலில் நகர ஆரம்பித்தான்.

“நாய் எங்களுக்கா, இல்ல நீங்களே இங்க வளரப் போறீங்களா?”

“லிஃப்ட்டு எப்படி இருக்குன்னு குழிக்குள்ள இறங்கிப் பாத்தாத்தான் தெரியும். நீங்களும் குனிஞ்சு பாருங்களேன்.”

ரோஷத்தில் அவளும் முட்டி போட்டாள்.

அவளுடைய வீடு அங்கே இல்லை. பிரிட்ஜுக்குப் பின்னால் கடிக்க வாகாக வயர் தொங்கியது. கறை எடுக்கிற திரவமும் பிளீச்சும் கீழ்த்தட்டில், ஒரு குட்டியின் வாய் எட்டும் உயரத்தில், மூடி தளர்ந்து வரிசையாக நின்றன. துணிகளில் குத்தும் சின்ன ஊசிகள், தெறித்த பொத்தான்கள், பிளாஸ்டிக் உறைகள்... தினமும் இரண்டு வேளை பெருக்குகிற வீட்டில் இத்தனை எமன்களா? அவன் கயிற்றில் கட்டிய காந்தம் ஒன்றைச் சட்டைப்பையிலிருந்து எடுத்தான். லிஃப்ட் குழியில் விழுந்த திருகாணிகளை எடுப்பதற்காம். மேஜைக்கடியில் அதை இழுத்துக்கொண்டு போனான். திரும்பி வந்தபோது காந்தத்துக்கு ஊசிகளால் தாடி முளைத்திருந்தது.

அவள் அதையே பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள். மேஜைக்கடியில், ஒரே உயரத்தில், இரண்டு முகங்கள். அந்தக் கண்களில் இப்போது மழை இல்லை. பழுப்பு நிறம், ஓரத்தில் கொஞ்சம் சோர்வு... யாரையும் மட்டம் தட்டாத பார்வை. ‘சீ, என்ன இது’ என்று மனசு அதட்டியது. கண் கேட்கவில்லை.

போன வருஷம் ஒரு குட்டியைக் கொடுத்த கதையை அங்கேயே, தாழ்ந்த குரலில் சொன்னான். மாடிப்படிக்குக் கதவு போட்டாயிற்று என்று அந்த வீட்டார் போனில் சொன்னார்கள். போடவில்லை. குட்டி உருண்டு விழுந்து, பிழைக்கவில்லை. 

“எது இல்லைன்னாலும் இல்லைன்னு சொல்லிடுங்க. நானே வந்து போட்டுத் தர்றேன். இல்லாததை மட்டும் இருக்குன்னு சொல்லிடாதீங்க.”

அவள் தலையாட்டினாள். அப்போதுதான் வாசலில் இரண்டு கால்கள் தெரிந்தன. அப்பா. மகளும் முன்பின் தெரியாத ஒருவனும் மேஜைக்கடியில் நாலு காலில் நிற்பதை வாய் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்ன தொலைஞ்சுது?”

ஒன்றுமில்லை என்று இருவரும் ஒரே நேரத்தில் சொல்ல, எழுந்த வேகத்தில் இருவர் தலையும் ஒரே பலகையில் இடித்தது. விவரம் கேட்டறிந்த அப்பா அவனை மேலும் கீழும் பார்த்தார். மனிதர்களை அவர் காலரை வைத்துத்தான் எடை போடுவார்.

“கிரீஸ் ஏறியிருக்கு தம்பி. அடுத்த தடவை வர்றப்போ எடுத்துட்டு வாங்க, போக்கிடலாம்.”

அடுத்த தடவைகள் நிறைய வந்தன. படிக்கட்டுக்கு மரக் கதவு பொருத்த ஒரு நாள். தாழ்ப்பாள் இறுகியிருக்கிறது என்று மறுநாள். வயர்களைக் குழாய்க்குள் மறைக்க ஒரு மாலை. பிளீச் கேன்கள் மேல்தட்டுக்கு ஏறின. நகராத கனமான கிண்ணங்கள், மெல்லுவதற்கு முடிச்சுப் போட்ட கயிறு, ஓரம் தாழ்ந்த கூடைப் படுக்கை, விரித்துப் போடப் பழைய செய்தித்தாள் கட்டு என்று வீடு ஒரு பிரசவத்துக்குத் தயாராவது போலத் தயாரானது. ஒரு நாயைக் கொண்டுவர இவ்வளவு தடவை ஒருத்தர் மாடி ஏற வேண்டுமா என்று அப்பா தனக்குத்தானே கேட்டுக்கொண்டார். நீராவிச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை.

துணிதான் பாக்கி.

பழைய பருத்திச் சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு தூங்கினாள். அவன் வாங்கிப் போக வருவதாகச் சொன்ன அன்று காலையில் அதைக் கழற்றி, சும்மா ஒரு தடவை முகர்ந்தாள். வியர்வை. தலை எண்ணெய். தூக்கம். இதையா அவன் கையில் கொடுப்பது? பைக்குள் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போவானே... ஊர் அழுக்கையெல்லாம் கூசாமல் அள்ளுகிறவளுக்குத் தன் அழுக்கை நினைத்து உடம்பு கூசியது. கை தானாக மெஷினைத் திறந்தது. சோப்பு போட்டது. வாசனைத் திரவமும் ஊற்றியது. உலர்த்தி, இஸ்திரி போட்டு, நாலாக மடித்துக் கொடுத்தாள்.

மடிப்பின் கூர்மையைப் பார்த்து அவன் தயங்கினான். துவைக்கவில்லைதானே என்று கேட்டான்.

“இல்ல. இஸ்திரி மட்டும்தான். எங்க கடையிலேர்ந்து எதுவும் கசங்கலா வெளியே போகாது.”

அவள் குரல் நடுங்கவில்லை. அதுதான் பிறகு அவளை உறுத்தியது. 

குட்டி வந்தது. உள்ளங்கைகளில் அடங்குகிற செவலை உருண்டை. அவளைக் கண்டதும் வாலைக் காலிடுக்கில் செருகிக்கொண்டு வாஷிங் மெஷினுக்குப் பின்னால் போய் ஒடுங்கியது. கூப்பிட்டாள்... வரவில்லை. கையை நீட்டினாள்... நடுங்கி, நின்ற இடத்திலேயே ஈரமாக்கியது. கூடையில் விரித்த சட்டையை அது ஏறெடுத்தும் பார்க்கவில்லை. பாலைத் தொடவில்லை. தீனமான ஒரே குரலில் அழுதது. அடுத்த நாளும் அப்படியே. அப்பா இஸ்திரியை நிறுத்திவிட்டு மேலே வந்து, தரையில் உட்கார்ந்து கொஞ்சிக்கூடப் பார்த்தார். அதற்கடுத்த நாள் குட்டிக்கு விலா எலும்பு தெரிந்தது.

அவள் போன் செய்தாள். வந்தவனின் காலடிச் சத்தத்துக்கே குட்டி வெளியே ஓடிவந்தது. அவன் மடியில் ஏறி, அவன் தொட்டுக் கொடுத்த பாலை நக்கியது.

“அக்கா திரும்பக் கொண்டுவரச் சொல்லிட்டாங்க,” என்றான், அவளைப் பார்க்காமல். “உங்க மேல தப்பில்ல. எல்லாம் சரியாத்தான் செஞ்சீங்க. சில குட்டி சில வீட்டுக்கு ஒத்து வராது.”

இப்போது சொல்லலாம். சொன்னால் அவன் முகம் எப்படி மாறும் என்று அவளுக்குத் தெரியும். இல்லாததை இருக்கிறதென்று சொன்ன வீட்டில் அவன் குட்டியை விடமாட்டான். மறுபடி அந்தப் படியும் ஏறமாட்டான். சொல்லாவிட்டால் குட்டி மட்டும் போகும். அவள் நல்லவளாகவே இருப்பாள்... வாயைத் திறக்கவில்லை. அவன் மூடி போட்ட கூடையில் குட்டியை வைத்து, மரக் கதவைத் திறந்து, கீழே இறங்கினான்.

அந்தக் கதவு சாத்திக்கொண்ட சத்தம்தான் அவளை உலுக்கியது. இந்த வீட்டில் அதற்கு இனி என்ன வேலை?

ஓடினாள். கவுண்டர் அருகே அவன் ஒரு காலில் ஷூவை மாட்டிக்கொண்டிருந்தான். வெளியே மழை பிடித்துக்கொண்டிருந்தது. பின்கட்டில் நீராவி சீறியது.

“துவைச்சுட்டேன்.”

அவன் நிமிர்ந்தான்.

“அந்தச் சட்டையைத் துவைச்சுட்டேன். சோப்பு போட்டு, சென்ட் ஊத்தி. குட்டி மேல தப்பில்ல. அதுக்கு நான் யாருன்னே தெரியாது. நான்தான் பொய் சொன்னேன்.”

அவன் முகம் வெளிறியதை அவள் நேருக்கு நேர் பார்த்தாள்.

“மூணு நாளாப் பட்டினி கிடக்கு,” என்றான் மெதுவாக. “ஏன் அப்படிச் செஞ்சீங்க?”

“உங்க கைக்குப் போகுதேன்னு. உங்க அக்கா வந்திருந்தா அப்படியே சுருட்டிக் குடுத்திருப்பேன். நீங்கங்கிறதாலதான்... முடியல.”

திட்டுவான் என்று காத்திருந்தாள். அவன் கூடையைக் கவுண்டர் மேல் வைத்துவிட்டு, ஒரு காலில் ஷூவோடு அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான்.

“குடுத்தப்பவே சந்தேகம்தான். மூக்குகிட்ட வெச்சுப் பாத்திருந்தா அப்பவே தெரிஞ்சிருக்கும். என்னால முடியல. உங்க துணி...” நிறுத்தினான். “அது மட்டுமில்ல. குட்டி ஒத்து வரலன்னு நீங்க போன் பண்ணப்போ எனக்கு வருத்தமா இருந்திருக்கணும். சந்தோஷமா இருந்துச்சு.”

அவள் கூடையின் பிடியைப் பற்றிக்கொண்டாள்.

“திரும்ப எடுத்துட்டுப் போனா, கொஞ்ச நாள் கழிச்சு மறுபடி முதல்லேர்ந்து ஆரம்பிக்கலாம். கதவு, வயர், தாழ்ப்பாள்... மறுபடி இங்க வரலாம். பொய் ஆகாதுன்னு உங்ககிட்ட அவ்வளவு பேசினவன் இப்படி யோசிச்சிருக்கேன். எனக்கு உங்களைப் பிடிச்சிருக்குங்க. அதைச் சொல்லத் தைரியமில்லாம, பாவம், இதைப் பட்டினி போட்டிருக்கேன்.”

மழைச் சத்தம் மட்டும் கேட்டது. பின்கட்டு எப்போது அமைதியானது என்று அவள் கவனிக்கவில்லை. இஸ்திரிப் பெட்டி நின்றிருந்தது. அப்பா நின்ற இடத்திலிருந்து ஓர் இருமல்கூட வரவில்லை.

அவள் கூடையைத் தரையில் இறக்கி மூடியைத் திறந்தாள். காலையிலிருந்து நீராவியில் வெந்து, வியர்வையில் ஊறிய ஏப்ரனை இடுப்பிலிருந்து அவிழ்த்து அதற்குள் வைத்தாள். அப்படியே, கசங்கலாக. குட்டி ஒடுங்கியது. பிறகு கழுத்தை நீட்டி ஓரத்தை முகர்ந்தது. தும்மியது. மறுபடி முகர்ந்தது. அவள் மடிக்கு வரவில்லை. ஆனால் அழுகை நின்றிருந்தது.

“நேரம் எடுக்கும்,” என்றான் அவன்.

“எடுக்கட்டும். ஆனா இனிமே நாய்க்காக நீங்க இங்க வரவேண்டாம்.”

அவன் கண்கள் அந்த முதல் நாளைவிட அகலமாக விரிந்தன. அவனை அப்படியே ஒரு நிமிடம் தவிக்கவிட அவளுக்கு ஆசையாகத்தான் இருந்தது... மனசு வரவில்லை.

“எனக்காக வாங்க.”

அவன் குனிந்து, மாட்டியிருந்த அந்த ஒரு ஷூவையும் கழற்றி, சுவரோரமாக வைத்தான்.