மாமாவைத் தேடிய பையன்

தம்பானூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே பீர் முகமதுவின் பழக்கடை இருக்கிறது. கடை முழுக்கக் குலை குலையாக வாழைப்பழம் தொங்கும். சிவப்பு, மஞ்சள், பச்சை. அந்தக் குலைகளுக்கு நடுவே ஒரு மர ஸ்டூல். சனிக்கிழமைகளில் அதில் அவருடைய மகள் சபீனா உட்கார்ந்திருப்பாள்.

சபீனாவுக்குப் பத்து வயது. மடியில் எப்போதும் ஒரு புத்தகம் திறந்திருக்கும். ஆனால் கண்கள் அதில் இருக்காது. எதிரே பஸ் ஸ்டாண்டின் ஒலிபெருக்கியில் ஊர்ப் பெயர்களைச் சொல்லிக்கொண்டே இருப்பார்கள். நெடுமங்காடு, களியக்காவிளை, போனக்காடு, பொன்முடி… பொன்முடி என்றதும் சபீனா பொன்முடிக்குப் போய்விடுவாள். மலை உச்சியில், மேகத்தைக் கையால் விலக்கிக்கொண்டு நடப்பாள். வாப்பா மூன்றாவது முறை கூப்பிடும்போதுதான் கடைக்குத் திரும்பி வருவாள்.

“கண்ணத் தொறந்துக்கிட்டே உறங்குதா எம் மவ,” என்பார் வாப்பா.

சபீனாவுக்குக் கோபம் வராது. அது உண்மைதானே!

அன்று மார்ச் மாதத்துச் சனிக்கிழமை. மதியம் மூன்று மணிக்கே வானம் இருட்டிக்கொண்டு வந்தது. எங்கேயோ பெய்த மழையின் வாசனை காற்றில் வந்தது. அப்போதுதான் அந்த லாரியும் வந்தது.

லாரியின் மேல் ஒரு யானை நின்றுகொண்டிருந்தது. ஏதோ கோயில் திருவிழாவுக்குப் போகிறது போலும். சாலையில் நெரிசல். லாரி நத்தை மாதிரி ஊர்ந்தது. யானை ஓலையைத் தின்றபடி காதுகளை மெல்ல மெல்ல விசிறியது. கீழே இருந்த கார்களும் ஆட்டோக்களும் சபீனாவின் கண்ணுக்குத் தெரியவில்லை. சாம்பல் நிறக் கப்பல் ஒன்று கடையைத் தாண்டி மிதந்து போவதுபோல் இருந்தது.

கப்பலுக்குப் பின்னால், நடைபாதையில், ஒரு குட்டிப் பையன் வந்துகொண்டிருந்தான். ஆறு வயது இருக்கும். சோளக்கதிரின் நார் போல வெளுத்த முடி. ஒரு காலில் மட்டும் செருப்பு. பாதையை அவன் பார்க்கவே இல்லை. யானையின் வாலை மட்டுமே பார்த்துக்கொண்டு, கனவில் நடப்பவன் போல நடந்தான்.

‘இவனும் கண்ணைத் திறந்துகொண்டே தூங்குகிறவன்தான்’ என்று சபீனா நினைத்தாள்.

நெரிசல் கலைந்தது. லாரி வேகமெடுத்து வளைவில் மறைந்துவிட்டது. பையன் கடைக்கு முன்னால் நின்றான். அப்போதுதான் விழித்தவன் போல இந்தப் பக்கம் பார்த்தான், அந்தப் பக்கம் பார்த்தான். எல்லாப் பக்கமும் புதிய முகங்கள்.

சடசடவென்று மழை இறங்கியது.

சபீனா ஸ்டூலிலிருந்து குதித்து ஓடி, அவன் கையைப் பிடித்துக் கடைக்குள் இழுத்துக்கொண்டாள். நனைந்த முடியை வாப்பாவின் துண்டால் துடைத்துவிட்டாள். பையன் வாசல் பக்கமே பார்த்தான்.

“மாமா…” என்றான்.

வாப்பாவின் கையிலிருந்த கத்தி அப்படியே நின்றது. “எட, தமிழ் பேசுதான்!”

“மாமா! மாமா!” பையன் அழத் தொடங்கினான்.

பக்கத்தில் பூ விற்கும் தங்கபாய் தலையில் பிளாஸ்டிக் உறையைக் கவிழ்த்துக்கொண்டு ஓடி வந்தார். “ஐயோ, மாமன்கூட வந்த பிள்ளையில்லா! அந்த ஆளு எங்க போய்த் தொலைஞ்சாரு? எடே ஷிபின், வெள்ளைக்காரன் எவனாவது நிக்கானான்னு பாரு!”

ஷிபின் ஆட்டோ ஓட்டுகிற அண்ணன். பாதி மலையாளம், பாதி தமிழ் பேசுவான். மழையில் பாய்ந்து போனவன், ஐந்து நிமிடத்தில் ஒரு வெளிநாட்டுக்காரரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தான். முதுகில் பெரிய பை, முகத்தில் பெரிய தாடி, கையில் பாதி குடித்த டீ.

“கிட்டி, மாமன் கிட்டி!” என்றான் ஷிபின் பெருமையாக.

தங்கபாய் தாடிக்காரரைக் காட்டிக் கேட்டார். “பிள்ளே, இதுதானே மாமா?”

பையன் அழுதபடியே தலையை மேலும் கீழுமாக ஆட்டினான்.

“ஆமாங்கான்!” என்று எல்லோரும் மகிழ்ந்தார்கள்.

“நோ! நோ!” என்று தாடிக்காரர் அலறினார். டீ அவர் கையிலேயே சிந்தியது.

“பிள்ளை ஆமாங்குது, இவரு இல்லைங்காரு! நல்ல மாமன்தான்!” என்று தங்கபாய் இடுப்பில் கையை வைத்துக்கொண்டார்.

கூட்டம் சேர்ந்தது. கூட்டத்தைப் பார்த்து, சாலையில் பணியில் இருந்த பெண் போலீஸ் பிந்து குடையோடு வந்தார். விஷயத்தைக் கேட்டார். பையனுக்கு முன் குனிந்து உட்கார்ந்தார்.

“கரையண்டா, மோனே. அழக் கூடாது. ஹோட்டல்? நீ ஹோட்டல்லயா இருக்கே?”

பையன் தலையை இடமும் வலமுமாக ஆட்டினான்.

“ஹோட்டல் இல்லையாம். இவரா உன் மாமா?”

மறுபடியும் மேலும் கீழும்.

பிந்து எழுந்தார். தாடிக்காரரைப் பார்த்த பார்வையில் சிரிப்பு இல்லை. “ரெண்டு பேரும் ஸ்டேஷனுக்கு வாங்க. அங்க வெச்சுப் பேசலாம்.”

எதிரே, கன்னியாகுமரி பஸ் ஹாரன் அடித்தது. தாடிக்காரர் பஸ்ஸைக் காட்டினார், தன் டிக்கெட்டைக் காட்டினார், ஏதேதோ சொன்னார். யாரும் கேட்கவில்லை. பையனோ அவர் பக்கம் போக மறுத்து, சபீனாவின் பாவாடையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான்.

சொந்த மாமாவைப் பார்த்து யாராவது இப்படி ஒளிவார்களா? சபீனாவுக்கு ஒன்றும் புரியவில்லை. முதலில் இவன் அழுகை நிற்கட்டும் என்று, ஒரு ரசகதலிப் பழத்தைப் பிய்த்து நீட்டினாள்.

“வேணுமா?”

பையன் தலையை இடமும் வலமுமாக ஆட்டினான். “தா,” என்றான். பழத்தை வாங்கித் தோலை உரித்தான். இரண்டே வாயில் பழம் காணாமல் போனது.

சபீனா இன்னொரு பழத்தைக் காட்டினாள். “இது?”

இடமும் வலமும். “தா, தா!”

தங்கபாய் சிரித்தார். “வேண்டாம்னு தலைய ஆட்டுதான், தா தாங்குதான். நல்ல பிள்ளை!”

சபீனா சிரிக்கவில்லை. அவள் கண்கள் எங்கேயோ போயிருந்தன. ஆனால் இந்த முறை பொன்முடிக்குப் போகவில்லை. அந்தச் சின்னத் தலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, கூடையிலிருந்து ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்து அவன் வாய்க்குப் பக்கத்தில் கொண்டு போனாள்.

“இது வேணுமா?”

பையன் மூக்கைச் சுளித்தான். எலுமிச்சையைத் தள்ளிவிட்டான். தலையை மேலும் கீழுமாக ஆட்டி, “நே!” என்றான்.

“வாப்பா!” சபீனா கத்தியே விட்டாள். “இவன் தலை நம்ம தலை மாதிரி ஆடல!”

“தலை எப்படியும் ஆடும். நீ தள்ளி நில்லு, புள்ள.”

“இல்ல வாப்பா, பாருங்க! வேணும்னா இப்படி ஆட்டுறான்.” அவள் இடமும் வலமும் ஆட்டினாள். “வேண்டாம்னா இப்படி.” மேலும் கீழும் ஆட்டினாள். “எல்லாமே தலைகீழ்! பிந்து சேச்சி, அந்த அங்கிளைக் கூட்டிட்டுப் போகாதீங்க. இவரு மாமா இல்லன்னுதான் இவன் அப்பவே சொல்லிட்டிருக்கான்!”

கூட்டம் பையனின் தலையையே பார்த்தது.

பிந்து மறுபடி குனிந்தார். ஒரு கையில் பழம், ஒரு கையில் எலுமிச்சை. இரண்டையும் மாற்றி மாற்றி நீட்டினார். பழத்துக்கு இடமும் வலமும். எலுமிச்சைக்கு மேலும் கீழும். மூன்று முறையும் அப்படியே.

“ஐயோ, சத்யம்!” என்றார் பிந்து. தாடிக்காரரிடம் திரும்பி, “சாரி, சார். வெரி சாரி. ஓடுங்க, பஸ் போயிடும்!” என்றார்.

தாடிக்காரர் சபீனாவைப் பார்த்து இரண்டு கைகளையும் கூப்பினார். வாப்பா அவர் பையில் நான்கு பழங்களைத் திணித்தார். அடுத்த நொடி, அந்தப் பெரிய பை மழைக்குள் துள்ளித் துள்ளி ஓடியது.

“அப்போ மாமா எங்கே?” என்றான் ஷிபின்.

சபீனாவுக்கும் அதே யோசனைதான். தலைக்கு வேறு அர்த்தம் இருக்கும்போது, சொல்லுக்கும் வேறு அர்த்தம் இருக்கக் கூடாதா? அவள் ஷிபினைக் காட்டினாள். “மாமா?”

மேலும் கீழும். “நே.”

வாப்பாவைக் காட்டினாள். “நே.”

கடை ஓரத்தில் மழைக்கு ஒதுங்கி, ஒரு பெண் இடுப்பில் குழந்தையோடு நின்றிருந்தார். சபீனா அவரைக் காட்டினாள். குழந்தையையும் காட்டினாள். “மாமா?”

பையனின் முகம் மலர்ந்தது. தலை இடமும் வலமும் சுழன்றது. “தா! தா! மாமா!”

“அம்மா!” என்றாள் சபீனா. “இவன் தேடுறது அம்மாவை! நாம எல்லாரும் மீசையையும் தாடியையும் தேடிட்டிருக்கோம்!”

தங்கபாய் தலையில் அடித்துக்கொண்டார்.

“ஹோட்டல்?” என்று சபீனா மெதுவாகக் கேட்டாள். இடமும் வலமும். இருக்கிறது. எந்த ஹோட்டல்? அது அவனுக்குத் தெரியாது. ஆனால் யானை எந்தப் பக்கமிருந்து வந்தது என்று சபீனாவுக்குத் தெரியும்.

ஷிபினின் ஆட்டோவில் பிந்துவும் சபீனாவும் ஏறினார்கள். நடுவில் பையன். இரண்டு பக்கமும் படுதாவை இறக்கிவிட்டார்கள். வெளியே மழை. கண்ணாடியில் சிவப்பு விளக்குகளும் பச்சை விளக்குகளும் கரைந்து ஓடின. ஆட்டோ சாலையில் போகிறதா, ஆற்றில் போகிறதா என்றே தெரியவில்லை. பையனின் சின்னக் கை சபீனாவின் கைக்குள் சூடாக இருந்தது. ஊர் பேர் தெரியாத ஒரு நாட்டுக்குத் தோணியில் போவது போல அவளுக்கு இருந்தது. ஆனால் இன்று கனவுக்குள் முழுதாகப் போய்விடக் கூடாது. ஒரு கண்ணைச் சாலையில் வைத்துக்கொண்டாள்.

ஒவ்வொரு திருப்பத்திலும் அவள் கையை நீட்டினாள். “இங்கேயா?”

முதல் திருப்பம். மேலும் கீழும். ஷிபின் ஆட்டோவைத் திருப்பினான்.

“அண்ணா, அது இல்லன்னு அர்த்தம்!”

“ஓ, மறந்து போயி!”

இரண்டாவது திருப்பம். இடமும் வலமும். ஷிபின் நேராகப் போனான்.

“அண்ணா!”

“என்ட பொன்னு மோளே, என் கழுத்து சுளுக்கிக்கும் போலிருக்கு,” என்றான் ஷிபின், வண்டியைப் பின்னால் எடுத்தபடி.

அந்தச் சந்து முழுக்க லாட்ஜுகள். ஒரு நீல வாசலின் முன்னால், மழையில், செருப்பு இல்லாமல் ஒரு பெண் நின்றுகொண்டிருந்தார். குடை பிடித்த வாட்ச்மேன் அவர் பின்னாலேயே ஓடிக்கொண்டிருந்தார். “போயான்! போயான்!” என்று அந்தப் பெண் கூப்பிடும் குரல் சந்து முழுக்கக் கேட்டது.

“மாமா!” பையன் ஆட்டோ நிற்கும் முன்பே படுதாவைத் தள்ளினான். பிந்து அவன் சட்டையைப் பிடித்து நிறுத்தி, பிறகு இறக்கிவிட்டார்.

அந்த அம்மா அவனை இறுக அணைத்துக்கொண்டார். பிந்து வேறு பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

வாட்ச்மேன் அவர்களுக்குக் குடையைப் பிடித்தபடி சொன்னார். “ஒரு மணிக்கூரா இவங்க போயான், போயான்னு கரையுறாங்க. யாரோ போயாச்சுன்னு சொல்றாங்கன்னு நினைச்சேன். யாரு போனது, யாரு போனதுன்னு நானும் கேட்டுட்டே இருந்தேன்.”

போயான் என்பது பையனின் பெயர்! சபீனாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

அந்த அம்மாவின் பெயர் ராலிட்சா. பல்கேரியாவிலிருந்து வந்திருக்கிறார்கள். அவர் அறையில் பெட்டியைத் திறந்துகொண்டிருந்தபோது, வாசலில் யானை போனதாம். திரும்பிப் பார்த்தால் மகனைக் காணவில்லை, அவன் ஒரு செருப்பு மட்டும் கிடந்ததாம். பிந்து நடந்ததை எல்லாம் சொன்னார். தாடிக்காரர் கதையைக் கேட்டதும் ராலிட்சா வாயைப் பொத்திக்கொண்டார்.

“எங்கள் ஊரில் அப்படித்தான்,” என்றார் ஆங்கிலத்தில், சபீனாவுக்குப் புரியும்படி மெல்ல மெல்ல. “‘தா’, அதாவது ஆமாம் என்றால் பக்கவாட்டில். ‘நே’, அதாவது இல்லை என்றால் மேலும் கீழும். நான் வெளிநாடு போனால் மாற்றிக்கொள்வேன். இவனுக்குச் சொல்லித்தர மறந்துவிட்டேன்.”

பிறகு தன் கைப்பையிலிருந்து, சிவப்பும் வெள்ளையும் முறுக்கிய ஒரு கயிற்றை எடுத்தார். சபீனாவின் மணிக்கட்டில் கட்டினார். மார்ச் மாதம் பிறந்தால் அவர்கள் ஊரில் எல்லோரும் இதைக் கட்டிக்கொள்வார்களாம். குளிர் முடிந்து முதல் நாரை பறந்து வருவதைப் பார்த்ததும் அவிழ்த்து, பூத்த மரத்தில் கட்டிவிடுவார்களாம்.

சபீனா யோசித்தாள். “நாரைக்குப் பதிலா கொக்கைப் பார்த்தாலும் அவுக்கணுமா? எங்க வீட்டுப் பக்கம் வயல்ல கொக்கு நிறைய நிக்கும். வீட்டுக்குப் போறதுக்குள்ள அவுக்க வேண்டி வரும்!”

பிந்து அதை ஆங்கிலத்தில் சொன்னதும் ராலிட்சா வாய்விட்டுச் சிரித்தார். கொக்கைக் கணக்கில் எடுக்க வேண்டாம் என்று அவர்களுக்குள் முடிவானது.

மழை தூறலாகிவிட்டது. எல்லோரும் ஆட்டோவுக்குள் ஏறி உட்கார்ந்திருந்தார்கள். சந்தின் முனையில் வானம் லேசாக மஞ்சள் பூத்தது. வாப்பா வழி பார்த்துக்கொண்டிருப்பார் என்று சபீனாவுக்கு நினைவு வந்தது.

“எங்க கடைக்கு வாங்களேன். செவ்வாழைப் பழம் இருக்கு. சாப்பிட்டிருக்கீங்களா? வர்றீங்களா?” என்று பழம் உரிப்பதுபோல் கையால் காட்டினாள்.

ஷிபின் கண்ணாடி வழியே பின் சீட்டைப் பார்த்தான். ராலிட்சா இந்த ஊர் வழக்கப்படி, கவனமாக, தலையை மேலும் கீழுமாக ஆட்டினார். அவர் மடியில் இருந்த போயான் இடமும் வலமுமாக ஆட்டினான்.

ஷிபின் சாவியில் வைத்த கையை எடுத்துவிட்டான். “எந்தா இது? ஒராளு வரேங்குது, ஒராளு வரலேங்குது! நான் எங்க போறது?”

“ரெண்டு பேருமே ஆமான்னுதான் சொல்றாங்க,” என்றாள் சபீனா. “வண்டிய எடுங்கண்ணா!”