மேரியக்காவை உட்கார வைத்த பாறை

இந்தக் கோடைக்கு அருவியில் தண்ணீரே இல்லை என்று செக்போஸ்ட் வாச்சர் ரங்கராஜ் இரண்டு தடவை சொல்லிவிட்டார். ஆனால் அருவி கொட்டும் சத்தம் கிளமென்ட்டின் காதில் அங்கேயே, கேட்டுக்குப் பக்கத்திலேயே, தெளிவாகக் கேட்டுக்கொண்டிருந்தது.

"வெறும் பாறைதானுங்க இருக்குது. சொட்டுச் சொட்டா ஒழுகும். இதுக்குப் போயி இந்த வெயில்ல ரெண்டு மைல் ஏறோணுங்களா?"

"நாங்க குளிக்க வரலீங்க," என்றாள் மெர்சி. கையில் ஒரு மெழுகுவர்த்திப் பொட்டலம் வைத்திருந்தாள்.

"அஞ்சு மணிக்குக் கேட்டச் சாத்திப்போடுவேன். அதுக்குள்ள எறங்கிருங்க."

அந்தச் சத்தம் உனக்கும் கேட்கிறதா என்று மெர்சியிடம் கேட்க நினைத்தான். கேட்கவில்லை. ஒரு வருடமாக அவளிடம் ஒரு வார்த்தை பேசுவதற்கு முன்னால் நாலு தடவை யோசிக்கிற பழக்கம் வந்துவிட்டிருந்தது. வயிற்றில் பொய்யை வைத்திருப்பவனுக்கு வெயில் அதிகமா என்று கேட்கக்கூட பயமாகத்தான் இருக்கும்.

மாம்பாறை அருவிக்குப் போகும் பாதை முதல் அரை மைல் மூங்கில்களுக்கு நடுவே போகிறது. காய்ந்த மூங்கில் இலைகள் காலடியில் நொறுங்கின. காற்று அசையவில்லை. எங்கோ ஒரு மரங்கொத்தி கொத்துவதும் நிறுத்துவதுமாக இருந்தது. அதற்கெல்லாம் அடியில், விட்டுப்போகாமல், தண்ணீர் பாறையில் விழும் அந்த இரைச்சல். போன வருடம் மே மாதம் இதே பாதையில் இருபத்தாறு பேரை அவன்தான் கூட்டிக்கொண்டு வந்தான். அன்றைக்குக் கோடை மழையில் அருவி நிறைந்து கொட்டியது. இன்றைக்குக் கேட்பது அன்றைக்குக் கேட்ட அதே சத்தம்.

பங்குக் கோயிலில் முப்பது வீடு சேர்ந்தது ஒரு அன்பியம். அவர்கள் தெருவின் அன்பியத்துக்குக் கிளமென்ட்தான் பொறுப்பாளர். வருடா வருடம் மறைக்கல்வி வகுப்பு முடிந்ததும் பஸ் பிடித்து ஏதாவது ஓர் அருவிக்குப் போவார்கள். ஆள் தொலையாமல் இருக்க அவனே ஒரு முறை வைத்திருந்தான். ஏறும்போது ஆளுக்கு ஓர் எண் கொடுப்பான். திரும்பும்போது பஸ் படியில் நின்று ஒன்று என்று ஆரம்பிப்பான். அவரவர் எண்ணை அவரவர் சத்தமாகச் சொல்ல வேண்டும். மெர்சியின் அம்மா சூசைமேரிக்குப் பதினேழு.

ஆர்.எஸ்.புரத்தில் ஒரு கடைக்கு ஜாக்கெட் தைத்துக் கொடுத்து மகளைப் படிக்க வைத்த பெண்மணி. உட்கார்ந்தே தைத்ததில் முழங்கால் போயிருந்தது. பாதி வழியில் ஏற முடியவில்லை. "நீங்க இங்கயே உக்காருங்க மேரியக்கா. திரும்பி வாரப்ப நானே வந்து கூட்டிட்டுப் போறேன்," என்று ஒரு தட்டையான பாறையில் உட்கார வைத்தான். அவள் சிரித்துக்கொண்டே தலையாட்டினாள்.

பிறகு மழை வந்தது. ஆளாளுக்கு ஓடினார்கள். அந்தப் பாறைப் பக்கம் போகாமல், பள்ளத்தின் குறுக்கு வழியாகவே எல்லாரையும் இறக்கிவிட்டான். பஸ்ஸின் முன்சீட்டில் புதிதாக வந்த பங்குச் சாமியார், வெளியே கேட்டைச் சாத்தவேண்டும் என்று கத்தும் ஆட்கள், உள்ளே ஈரத்தில் நடுங்கும் குழந்தைகள். பதினாறு வரை வந்தது. அப்புறம் யாரும் பேசவில்லை. பின்சீட்டில் சாய்ந்திருப்பாள் என்று நினைத்தான். அப்படி நினைத்தது உண்மைதானா என்று இன்றுவரை அவனுக்குத் தெரியாது. சாமியார் திரும்பிப் பார்த்தார். இத்தனை பேருக்கு முன்னால் ஆளைத் தொலைத்தவனாக நிற்க அவனால் முடியவில்லை.

"பதினேழு, இருக்குது," என்று தானே சொல்லிவிட்டான். பதினெட்டு என்றது ஒரு குழந்தை.

அன்று இரவு, வீட்டில் காத்திருந்த மெர்சி போனில் அழுதபோது அவன் சொன்னதுதான் பெரிய பாவம். "பஸ்ஸுல வந்தாங்களே கண்ணு. நம்பர் சொன்னாங்க, நான் கேட்டேன். மாதம்பட்டியில டீக்கு நிறுத்துனப்ப எறங்கிட்டாங்களோ என்னமோ." அந்த வார்த்தையை நம்பி மூன்று நாள் பஸ் ஸ்டாண்டுகளில் தேடினார்கள். நான்காம் நாள் பேருக்கு மலையைப் பார்த்தார்கள். மூன்று நாள் மழை அங்கே எதையும் மிச்சம் வைக்கவில்லை. அதற்குள் ஊர் ஒரு கதை கட்டிவிட்டது. அவிநாசியில் மேரியக்காவை யாரோ ஓர் ஆளோடு பார்த்ததாக ஒருவர் சொன்னார். மெர்சிக்கு நிச்சயம் ஆகியிருந்த கல்யாணம் நின்றது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அந்தப் பெண் அவிநாசிக்குப் பஸ் ஏறி, தெருத்தெருவாகத் தேடிவிட்டு வருவது அவனுக்குத் தெரியும். தெரிந்தும் சாப்பிட்டான், தூங்கினான், கோயிலில் வாசகம் வாசித்தான். வெட்கமாக இருந்தது. வெட்கம் ஒருவனை நேர்மையாக்கிவிடும் என்பதெல்லாம் சும்மா. அவனை அது இன்னும் பெரிய கோழையாகத்தான் ஆக்கியது.

இன்றைக்குச் சொல்லிவிடுவது என்று காலைப் பூசையில் முடிவு செய்திருந்தான். அம்மா அன்றைக்கு உட்கார்ந்திருந்த இடத்தில் மெழுகுவர்த்தி ஏற்றி வேண்டிக்கொள்ளவேண்டும் என்று அவள் கேட்டபோது அதனால்தான் ஒப்புக்கொண்டான்.

பாறைக்கு வந்து சேர்ந்தபோது நாலு மணி இருக்கும். அங்கிருந்து அருவி முழுதாகத் தெரிந்தது. காய்ந்துபோன பாசி கறுத்து ஒட்டிய மொட்டைப் பாறை. ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. ஆனால் சத்தம் இப்போது பேச்சை அமுக்கும் அளவுக்கு இருந்தது.

"இங்கதானுங்களா அங்கிள்?"

"ஆமா கண்ணு."

மெர்சி பாறையைக் கையால் துடைத்தாள். யாரோ உட்காரப்போகிற நாற்காலியைத் துடைப்பது போலத் துடைத்தாள். பிறகு அவனைப் பார்க்காமலே கேட்டாள்.

"பஸ்ஸுல அம்மா நம்பர் சொன்னத நீங்க காதால கேட்டீங்கல்லங்க?"

அவன் வெறும் அருவிப் பாறையைப் பார்த்தான்.

"எனக்கு அது ஒண்ணுதானுங்க ஆதாரம். ஊர்ல என்ன வேணாப் பேசட்டும். பஸ் ஏறுனாங்கன்னா எங்கியோ உசுரோட இருக்காங்கன்னுதான அர்த்தம். எம்மேல கோவம்னாக்கூடப் பரவால்லீங்க."

சொல்லிவிடு. இப்போது சொல்லிவிடு.

"கேட்டேன் கண்ணு," என்றான். "நல்லாக் கேட்டேன்."

சத்தம் நின்றது.

குழாயை மூடியது போலச் சட்டென்று நின்றது. அந்த அமைதியில் மெர்சி தீக்குச்சி உரசுவது கேட்டது. இன்னொன்றும் கேட்டது. மேலே, அருவிப் பக்கத்துப் பாதையில், ஒரு காலை ஊன்றி மறு காலை இழுத்து, மெதுவாக ஒருவர் இறங்கி வரும் சத்தம். கூடவே வாசனை வந்தது. ஊறிய துணி, அழுகிய இலை, குளத்தடிச் சேறு.

கிளமென்ட் நிமிர்ந்து பார்த்தான். திருப்பத்தில் ஒரு பெண் வேரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சேலை உடம்போடு ஒட்டியிருந்தது. தலைமுடி முகத்தை மூடியிருந்தது. அதிலிருந்து தண்ணீர் ஒழுகிக்கொண்டே இருந்தது. கண் தெரியவில்லை. ஆனால் அவள் அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மெர்சி குனிந்து மெழுகுவர்த்தியோடு போராடிக்கொண்டிருந்தாள். அவள் பார்க்கக்கூடாது. அது மட்டும்தான் அவனுக்குத் தோன்றியது. அவள் பார்த்தால் எல்லாம் தெரிந்துவிடும்.

பள்ளத்திலிருந்து பனிமூட்டம் ஏறி வந்தது. ஒரு நிமிடத்தில் பாறை மறைந்தது, மெர்சி மறைந்தாள், தன் கால்களே அவனுக்குத் தெரியவில்லை.

"யானை," என்று கிசுகிசுத்தான். மலையில் அந்த ஒரு வார்த்தை போதும். "பக்கத்துல நிக்குது. வாயத் தொறக்காத. கையக் குடு."

பின்னால் கையை நீட்டினான். ஒரு கை வந்து அவன் கையில் சேர்ந்தது. இழுத்துக்கொண்டு குறுக்கு வழியில் இறங்கினான்.

கை குளிர்ந்திருந்தது. பயத்தில் குளிர்ந்திருக்கும். திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பினால் பின்னால் வேறு என்ன வருகிறது என்று தெரிந்துவிடும். சரளைக் கல் சறுக்கியது. முள் கிழித்தது. பின்னால் வந்தவள் மூச்சுக்கூட விடாமல் வந்தாள். முகம் தெரியாமல் இருந்தது அவனுக்கு வசதியாக இருந்தது. சாமியாரிடம் பாவத்தைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் திரைக்குப் பின்னால் மண்டியிட்டது போல, பாதி வழியில் தானாக வாய் திறந்தது.

"பதினேழு சொன்னது நாந்தான்," என்றான். "உங்கம்மா பஸ்ஸுல ஏறவேயில்ல."

கை இறுகியது.

"மாதம்பட்டியில டீ குடிக்கறப்பவே எனக்குத் தெரியும் கண்ணு. அவங்க சீட்டு காலியா இருந்துச்சு, பாத்தேன். சாமியார் முன்னாடி அசிங்கமாயிரும்னு சொல்லாம விட்டுட்டேன். ஊட்டுக்குப் போயி குளிச்சுச் சாப்புட்டேன். மழை கொட்டிட்டு இருந்துச்சு. அவங்க அங்கியே உக்காந்திருப்பாங்கன்னு தெரிஞ்சும் சாப்புட்டேன்."

இன்னும் இறுகியது. வலித்தது. அவன் அழுதுவிட்டான். கையை உதறாமல் வருகிறாளே, மன்னித்துவிட்டாள் என்று நினைத்தான். ஒரு வருடத்தில் முதல் தடவையாக நெஞ்சு இலேசாக இருந்தது.

மூட்டம் கலைந்தது. செக்போஸ்ட் தெரிந்தது. ரங்கராஜ் கேட்டில் கைவைத்தபடி அவர்களைப் பார்த்தார்.

"வந்துட்டீங்களா. ஏனுங்க, அம்மணி இப்புடி நனைஞ்சிருக்குது? மழையே பேயலீங்களே."

கிளமென்ட்டின் கால் நின்றது. அவள் கையிலிருந்து தண்ணீர் அவன் விரல்களில் வழிந்து சொட்டிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் மேலேயிருந்து கேட்டது. வெகு தூரத்திலிருந்து. சத்தம் போடக்கூடாது என்று இத்தனை நேரம் அடக்கிவைத்து, இனி முடியாமல் வெடித்த குரல்.

"அங்கிள்! எங்கிருக்கீங்க! அங்கிள்!"

ரங்கராஜ் காதைத் தீட்டினார். "மேல யாரோ பொம்பளப் புள்ள கூப்புடறாப்பல இருக்குதுங்களே. உங்க ஆளுங்களா?"

ஆமாம் என்றால் திரும்பவேண்டும். திரும்பினால் பார்க்கவேண்டும். விரல்கள் ஒவ்வொன்றாக அவன் விரல்களுக்கு நடுவே நுழைந்து கோத்துக்கொண்டன. எலும்பு நெரிந்தது.

"இல்லீங்க," என்றான். "நாங்க ரெண்டு பேருதான்."

ரங்கராஜ் கேட்டை இழுத்துச் சாத்தினார். கிளமென்ட் நேராகப் பார்த்தபடி ரோட்டில் இறங்கி நடந்தான். அவன் பக்கத்தில், ஒரு காலை இழுத்து இழுத்து அவளும் நடந்தாள். காய்ந்த தார் ரோடு வழிநெடுக நனைந்துகொண்டே வந்தது.