ஈரமில்லாத காலணிகள்

நான்கு நாட்களாக லூகோ நகரத்தில் தூறல் விடவேயில்லை. ஆனால் ஊரைச் சுற்றியிருக்கும் பழைய மதில்மேல் நடந்து வந்ததாகச் சொல்லும் அமாரோவின் காலணிகளில் பொட்டு ஈரமில்லை.

"நடந்தியா?" என்றாள் அவன் மனைவி ஒப்துலியா.

"முழுச் சுத்து. டாக்டர் சொன்ன மாதிரியே."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறான் என்று நினைத்தாள். வசந்தத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தவன் அவன். தினமும் நடக்காவிட்டால் அடுத்த முறை பிழைக்க மாட்டான் என்று டாக்டர் சொல்லியிருந்தார். இன்னொன்றும் அவளை உறுத்தியது. முப்பத்துநான்கு வருடங்களாகச் சமையலைக் குறை சொன்ன வாய், வியாழக்கிழமையிலிருந்து உப்பில்லாத சூப்பைப் புகழ்கிறது. நடக்கப் போவதாகச் சொல்லிவிட்டு அவன் போவது நிச்சயமாக சபேலாவின் ஒயின் கடைக்குத்தான்.

மறுநாள் மாலை அவன் பின்னாலேயே போனாள். மதிலின் சந்தியாகோ வாசலருகே சரிவில் மேலேறி அவன் இடப்பக்கம் திரும்பினான். அவள் வலப்பக்கம் நடந்தாள். மதில் ஊரைச் சுற்றி வருவது. நடக்கிறவன் எதிரே வந்துதான் ஆகவேண்டும். வராவிட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

முதலில் கீழேயிருந்து சுட்ட கஷ்கொட்டை வாசனையும் தேவாலய மணியோசையும் யாரோ பெண்களின் சிரிப்பும் ஏறி வந்துகொண்டிருந்தன; மூடுபனி கற்பலகைக் கூரைகளை விழுங்க விழுங்க அவை ஒவ்வொன்றாகக் குறைந்து, கடைசியில் ஈரமண்ணில் அவள் காலடி மட்டும் கேட்டது.

பிறகு இன்னொரு காலடி. சளக். சளக்.

அமாரோ வந்தான். முகத்தில் நாலு நாள் தாடி. கிழிந்த காலணியில் விரல் தெரிந்தது.

"துலியா, வந்துட்டியா."

"என்ன கோலம் இது? சபேலா கடையில எவ்வளவு குடிச்ச?"

"வியாழக்கிழமை ஏறினேன். இறங்குற வழி வரவே மாட்டேங்குது."

முகர்ந்து பார்த்தாள். ஒயின் வாசனையில்லை. மழை வாசனைதான்.

"இப்பதானே என் கண்ணு முன்னால ஏறின?"

"நானா?"

கையைப் பிடித்தாள். பனிக்கட்டி. வந்த வழியே அவனை இழுத்துக்கொண்டு போனாள். தேவாலயக் கோபுரங்கள் வந்தன. அடுத்து அவள் ஏறி வந்த சரிவு வரவேண்டும்.

வரவில்லை. அடுத்த வாசலின் படிகளும் இல்லை. அதற்கடுத்ததும்.

அவன் நடக்காமல் ஏமாற்றவில்லை என்ற நிம்மதி அவளுக்கு அப்போதுதான் வந்தது. பயமும் கூடவே வந்தது.

பனிக்குள் ஒரு வெளிச்சம். மதிலை ஒட்டிய அவர்கள் வீட்டுச் சமையலறை ஜன்னல். உள்ளே அமாரோ, மழித்த முகத்தோடு, மேசையில் தட்டுகள் வைத்துக்கொண்டிருந்தான்.

இரண்டு தட்டுகள்.

கதவு திறந்தது. ஒப்துலியா போட்டிருந்த அதே பழுப்புக் கோட்டில், அவளுடைய முகத்தோடு ஒரு பெண் உள்ளே வந்தாள். அவன் ஏதோ கேட்டான். உதடுகள் தெளிவாகத் தெரிந்தன.

நடந்தியா?

அந்தப் பெண் தலையாட்டினாள். ஒப்துலியா கத்தினாள். இருவரும் திரும்பவில்லை.

அந்தப் பெண் குனிந்து காலணிகளைக் கழற்றினாள். அவனுடையவற்றின் பக்கத்தில் ஒழுங்காக வைத்தாள். நான்கும் காய்ந்திருந்தன. பிறகு ஜன்னலுக்கு வந்து, ஒப்துலியாவின் கண்களை நேராகப் பார்த்து, திரையை இழுத்து மூடினாள்.