மூன்றாவது வளைவுக்கு அப்பால்

காலையிலேயே வந்து அழுத அஞ்சம்மாளை துப்பறியும் துளசிராமன் முழுவதும் பேசவிட்டார். அவள் புருஷன் அப்பாவு, கும்மிடிப்பூண்டி முதலாளி ரங்கசாமியின் கார் டிரைவர். ஊத்துக்கோட்டைக்கு மேற்கே மலைப்பாதையில் ஒரு பெண்ணை இடித்துக் கொன்றுவிட்டு ஓடிவந்தான் என்று லாக்கப்பில் போட்டிருந்தார்கள். அன்றைக்குக் காரைத் தொடவேயில்லை என்று அவன் சத்தியம் செய்கிறான். வண்டியை எடுத்துப் போனது அவன்தான், நான் அந்த மலைப்பக்கமே போனதில்லை என்கிறார் ரங்கசாமி.

"மலை பஸ் ஓட்டுனவருங்க அவரு. நாளைக்குக் கோர்ட்டுக்கு இட்டுக்கினு போறாங்களாம்," என்றாள்.

துளசிராமனும் உதவியாளன் வரதனும் போய்க் காரின் சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தார்கள். பிரேக் லைனிங் கருகிக் கிடந்தது. சோழவரத்திலிருந்து பழவேற்காடு வரை ஏரிக்கரையை விட்டால் மேடு ஏது, இது மலையிறங்கிய வண்டியேதான் என்று வரதன் குதித்தான். துளசிராமன் புது லைனிங் போடச் சொன்னார்.

மத்தியானம் வரதன் ஓட்ட, விசாரணைக்கென்று இன்ஸ்பெக்டர், ரங்கசாமி எல்லோரும் அதே காரில் மலையேறினார்கள். விலங்கோடு அப்பாவு பின்சீட்டில். உச்சியில் வரதன், சொல்லிக்கொடுத்தபடியே, தலை சுற்றுகிறது என்று பின்னால் போய்ச் சாய்ந்துகொண்டான். துளசிராமனுக்கும் இன்ஸ்பெக்டருக்கும் சைக்கிள்தான் தெரியும். ரங்கசாமி வேறு வழியில்லாமல் ஸ்டியரிங்கைப் பிடித்தார்.

இறக்கத்தில் ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம். வண்டியைத் திருப்ப இடமே கிடையாது. ரங்கசாமி பிரேக்கிலிருந்து காலை எடுக்கவேயில்லை. இரண்டாவது வளைவிலேயே கருகல் நாற்றம் அடித்தது. வரதனுக்கு நிஜமாகவே தலை சுற்றியது.

"கியரைக் கொறைங்க மொதலாளி," என்றான் அப்பாவு, தாங்க மாட்டாமல்.

மூன்றாவது வளைவு தாண்டினால் நேர்ப்பாதை. ஆள் இல்லை, மாடு இல்லை, ஒரு கல்கூட இல்லை. ரங்கசாமி மட்டும் படக்கென்று வலதுபக்கம் ஒடித்தார். வண்டி பாறையில் உரசி நின்றது.

துளசிராமன் மெதுவாகச் சொன்னார்: "மலையில பழகினவன் கியர்லயே எறங்குவான், பிரேக்கைக் கருக்க மாட்டான். அத்த உடுங்க. அந்தப் பொண்ணு உயுந்த எடம் இதுதான்னு எனக்கும் இன்ஸ்பெக்டருக்கும்தான் தெரியும். காலி ரோட்டுல யாருக்கு ஒதுங்குனீங்க?"

ரங்கசாமி தலை நிமிரவில்லை. "எடது ஓரமாத்தான் நடந்துக்கினு இருந்தா," என்றார்.

கீழே இன்னும் பதினோரு வளைவுகள். இன்ஸ்பெக்டர் பிரேக்கைக் கையால் அழுத்திப் பார்த்தார், அடிவரை போயிற்று. சாவியை எடுத்து அப்பாவுவின் விலங்கைத் திறந்தார்.

"நாங்கல்லாம் ஊடு போய்ச் சேரணும், நைனா. நீயே எறக்கு."